வயதால் பெருக்கு

முதலில் ஒரு கணக்கு. பயப்பட வேண்டாம், பத்தாம் வகுப்புக் கணக்குதான்.

ஒருவருடைய வயதை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அவர் ரத்தத்திலுள்ள ஏஎஸ்டி என்ற நொதியின் அளவால் பெருக்குங்கள். விடையைத் தனியாக வையுங்கள். அடுத்து, அவருடைய பிளேட்லெட் எண்ணிக்கையை (ஆயிரங்களில்) ஏஎல்டி என்ற இன்னொரு நொதியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுங்கள். இதற்கு ஃபிப்-4 என்று பெயர். 1.45க்குக் கீழே வந்தால் கல்லீரலில் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 3.25க்கு மேலே போனால் ஈரல் கணிசமாகத் தழும்பேறியிருக்கலாம். நடுவில் வந்தால், தெரியாது, வேறு சோதனை பாருங்கள் என்று அர்த்தம்.

ஒரு கற்பனை அறிக்கையைப் போட்டுப் பார்ப்போம். ஏஎஸ்டி 180, ஏஎல்டி 150, பிளேட்லெட் 1,10,000. இது ஐம்பது வயதுக்காரரின் ரத்தம் என்றால் ஃபிப்-4 சுமார் 6.7. எந்த மருத்துவரும் நிமிர்ந்து உட்காருவார். இதே ரத்தம் ஆறு வயதுக் குழந்தையுடையது என்றால் 0.8. கவலைப்பட ஒன்றுமில்லை என்கிறது சூத்திரம்.

மாறியது வயது மட்டும்தான். இன்று உலகம் முழுக்க ஆய்வக அறிக்கைகளில் இந்தச் சூத்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்குள் அந்தப் பெருக்கல் குறி எப்படி வந்தது, குழந்தைகள் எப்படி வெளியே நின்றார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடல் நூற்று நாற்பது வருஷம் பின்னால் கொண்டுபோய் விட்டது. அங்கே ஓர் ஊசி இருந்தது.

*

ஈரலில் எவ்வளவு தழும்பு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நெடுங்காலம் ஒரே வழிதான்: ஆள் செத்த பிறகு வயிற்றைத் திறந்து பார்ப்பது. ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லேனெக் 1819இல் இந்த நோய்க்குச் சிரோசிஸ் என்று பெயர் வைத்தபோது அவர் கண்ணில் பட்டது நிறம். பழுப்பு மஞ்சளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை எடுத்துக்கொண்டார். நம்மாட்கள் வேறு விதமாகப் பார்த்திருக்கிறார்கள். நுரை போன்றது நுரையீரல், மண் போன்றது மண்ணீரல், கல் போன்றது கல்லீரல். ஆனால் கறிக்கடையில் ஈரலைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நல்ல ஈரல் மெத்தென்று வழுக்கும். அது நிஜமாகவே கல்லாவது தழும்பேறிய பிறகு.

தழும்பு வருவது காயம் ஆறுகிற முயற்சியில்தான். ஈரலுக்குள் நட்சத்திர வடிவில் சில செல்கள் உண்டு. 1876இல் ஜெர்மானிய உடற்கூறியலாளர் குப்ஃபர் அவற்றைப் பார்த்து எழுதினார். பிற்பாடு அவரே வேறு வகைச் செல்களோடு அவற்றைப் போட்டுக் குழப்பிக்கொண்டார். 1971இல் ஜப்பானின் கென்ஜிரோ வாகே முடிச்சை அவிழ்க்கும்வரை அந்தக் குழப்பம் ஓடியது. சாதாரண நாட்களில் இந்தச் செல்கள் வைட்டமின் ஏயைச் சேமித்துக்கொண்டு சும்மா இருக்கும். ஈரல் திரும்பத் திரும்ப அடிபட்டால் அந்தச் சேமிப்பை விட்டுவிட்டுக் கொலாஜன் நாரைச் சுரக்க ஆரம்பிக்கும். ஒரு தடவை என்றால் ஆறிவிடும். வருஷக்கணக்கில் நடந்தால் நார் வலையாகி, ரத்தம் ஓடும் வழியை நெரிக்கும்.

உயிரோடு இருப்பவரின் ஈரலுக்குள் முதலில் ஊசி நுழைத்தவர் பால் எர்லிக் என்பார்கள். 1883, ஜெர்மனி. சர்க்கரை நோயாளியின் ஈரலில் கிளைகோஜன் இருக்கிறதா என்று பார்ப்பது நோக்கம், தழும்பைப் பற்றிய கேள்வியே அப்போது இல்லை. ஊசி நோய் கண்டறியும் கருவியாக ஆனது 1939இல், கோபன்ஹேகனில் ஈவர்சன், ரோஹோல்ம் என்ற இருவர் கையில். மஞ்சள் காமாலைக்குக் காரணம் பித்தக்குழாயின் வாயில் சளி அடைத்துக்கொள்வதுதான் என்று விர்ஷோ காலத்திலிருந்து நம்பிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் நோயாளிகளின் ஈரலிலிருந்து துண்டெடுத்துப் பார்த்தால், குழாயில் ஒன்றுமில்லை, ஈரல் செல்களே வெந்துபோயிருந்தன. ஊசி வெளியே எடுத்து வந்தது வெறும் சதைத்துணுக்கு இல்லை, ஒரு காரணம். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வருவேன்.

போர்க்காலத்தில் லண்டனில் ஷீலா ஷெர்லாக் இந்த முறையைப் பரவலாக்கினார். 1958இல் இத்தாலியின் பெருஜியாவில் மெங்கினி ஒரு மெல்லிய ஊசியை வடிவமைத்து, ஒரே நொடியில் ஈரல் பயாப்சி என்று கட்டுரை எழுதினார். ஊசி ஈரலுக்குள் இருக்கும் நேரம் குறைந்ததும் ரத்தக்கசிவு குறைந்தது. அதன்பின் அரை நூற்றாண்டு இதுதான் உரைகல். துண்டில் தெரியும் தழும்பை எஃப்0 முதல் எஃப்4 வரை படிகளாகப் பிரித்தார்கள். தொண்ணூறுகளில் பிரான்சின் மெட்டாவிர் குழு ஹெபடைடிஸ் சி நோயாளிகளுக்காக வகுத்த அந்தப் படிகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

உரைகல்லிலேயே சிக்கல் உண்டு. ஊசியில் வரும் துண்டு ஈரலில் ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. தழும்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படிவதில்லை. 2002இல் ஓர் ஆய்வில் 124 பேருக்கு ஈரலின் வலது பக்கம், இடது பக்கம் இரண்டிலும் துண்டெடுத்தார்கள். மூன்றில் ஒருவருக்கு இரு பக்கமும் குறைந்தது ஒரு படி வேறுபட்டது. அடுத்த வருஷம் பெடோசா குழு கணக்குப் போட்டுக் காட்டியது: 15 மில்லிமீட்டர் நீளத் துண்டு சரியான படியைச் சொல்வது நூற்றில் 65 தடவை. 25 மில்லிமீட்டர் எடுத்தாலும் 75.

பெரியவர்களுக்கே இப்படி. குழந்தைக்கு வாருங்கள். பக்கவாட்டில் மரத்துப்போக ஊசி போட்டு, “மூச்சைப் பிடிச்சுக்கோங்க” என்று சொல்லிப் பெரியவருக்குச் செய்துவிடலாம். நாலு வயதுப் பிள்ளையிடம் அசையாதே, மூச்சு விடாதே என்று சொல்லிப் பாருங்கள். ஆகவே ஆழ்ந்த தூக்க மருந்து அல்லது முழு மயக்கம். பட்டினி. அதற்குப் பிறகு மணிக்கணக்கில் படுக்கையில் அடக்கி வைக்க வேண்டும். ஈரல் மோசமாக இருக்கும் குழந்தைக்கு ரத்தம் உறைவதிலும் குறை இருக்கும், ஆகவே கசிவு பயமும் கூட. முக்கியமான விஷயம், ஒரு தடவையோடு முடிவதில்லை. தழும்பு கூடுகிறதா, குறைகிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் திரும்பவும் ஊசி. ரத்தத்திலேயே கண்டுபிடித்துவிட முடியாதா என்ற கேள்வி யாருக்கு மிக அவசரம் என்று யோசித்தால், இந்தப் பிள்ளைகளுக்குத்தான். ஆனால் பதில் தேடியவர்கள் அவர்களிடமிருந்து தொடங்கவில்லை.

*

ரத்தத்தின் கதை ஈரலில் ஆரம்பிக்கவில்லை, இதயத்தில் ஆரம்பிக்கிறது. 1954இல் நியூயார்க்கில் லாடூ, ரோப்லெவ்ஸ்கி, கார்மென் என்ற மூவர், மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் எஸ்ஜிஓடி என்ற நொதி ஏறுவதைக் காட்டினார்கள். இறந்துகொண்டிருக்கும் இதயத் தசை உடைந்து, உள்ளே இருந்த நொதி ரத்தத்தில் சிந்துகிறது. ஈரல் செல் உடைந்தாலும் இது சிந்தும் என்று சீக்கிரமே தெரிந்தது. கூடவே எஸ்ஜிபிடியும் வந்தது. உலகம் அவற்றுக்கு ஏஎஸ்டி, ஏஎல்டி என்று பெயர் மாற்றிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. நம்மூர் ரத்தப் பரிசோதனை நிலையங்களில் இன்னமும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடிதான்.

இவை சொல்வது காயத்தை. இன்றைக்கு எத்தனை செல் உடைகிறது என்பதை. தழும்பு பழைய காயங்களின் கூட்டுத்தொகை. நன்றாகத் தழும்பேறிய ஈரலில் இந்த நொதிகள் கிட்டத்தட்ட இயல்பாக இருக்கலாம், உடைவதற்குச் செல்லே குறைந்துபோயிருக்கும். சர்வர் லாக்கில் இன்றைக்கு எத்தனை எர்ரர் என்று எண்ணிவிட்டு, பத்து வருஷத்தில் எத்தனை டிஸ்க் போச்சு என்று ஊகிக்கப் பார்ப்பது மாதிரி.

தழும்புக்குக் கொஞ்சம் நெருக்கமான சாட்சி பக்கத்து வீட்டில் இருந்தது, மண்ணீரலில். ஈரல் நெரிபட்டால் குடலிலிருந்து வரும் ரத்தம் பின்னால் தேங்குகிறது. மண்ணீரல் வீங்குகிறது. வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே ரத்தத்தில் பிளேட்லெட் குறைகிறது. நெடுநாள் அனுபவமுள்ள மருத்துவர்கள் இந்த இரண்டையும் மனக்கணக்காகவே சேர்த்துப் பார்த்திருப்பார்கள்: நொதி ஏறுது, பிளேட்லெட் இறங்குது, சரியில்லை.

அதைச் சூத்திரமாக எழுத வைத்தது ஹெபடைடிஸ் சி. 1989இல் அந்த வைரஸ் அடையாளம் காணப்பட்டதும், லட்சக்கணக்கான பேருக்குத் தொற்று இருப்பது தெரியவந்தது. அன்றைய இன்டர்ஃபெரான் சிகிச்சை கடுமையானது, பாதிப்பேருக்குப் பலிக்காது. யாருக்கு உடனே கொடுப்பது, யார் காத்திருக்கலாம்? தழும்பைப் பார்க்க வேண்டும். இத்தனை பேருக்கு ஊசி போட முடியாது. 2001இல் பாரிஸில் பொய்னார் குழுவின் ஃபிப்ரோடெஸ்ட் வந்தது, ஐந்து ரத்தப் பொருட்களோடு வயது, பாலினம். 2003இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அப்ரி. ஏஎஸ்டியை அதன் இயல்பு உச்சவரம்பால் வகுத்து, நூறால் பெருக்கி, பிளேட்லெட்டால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். அதைச் செய்து பார்த்தது 270 பேரிடம், எல்லோரும் ஹெபடைடிஸ் சி நோயாளிகள். 2006இல் ஃபிப்-4. ஹெபடைடிஸ் சியும் எச்ஐவியும் சேர்ந்து இருந்த 832 பேரின் தரவிலிருந்து பிறந்தது.

வயது எப்படி உள்ளே வந்தது என்று இப்போது புரியும். இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்குத் தொற்று வந்தது இளமையில். ஊசிப் போதை, ரத்தம் ஏற்றியது, இப்படி ஏதோ ஒன்று. அப்படியானால் ஐம்பது வயது என்பது இருபத்தைந்து, முப்பது வருஷக் காயம். தொற்று எப்போது வந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது, வயது எல்லோருக்கும் தெரியும். ஆகவே நோயின் காலத்துக்குப் பதிலாக வயதைப் போட்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தரவில் அது வேலை செய்தது. பெரியவர்களிலேயே 35 வயதுக்குக் கீழே இது சரிப்படாது என்று பின்னால் ஆய்வுகள் வந்தன. 65க்கு மேலே வெட்டுப்புள்ளியை உயர்த்த வேண்டியிருந்தது.

இதற்கு நேர் எதிரான ஒரு நோய் இருக்கிறது. பிலியரி அட்ரீசியா. பிறந்து சில வாரங்களுக்குள் ஈரலுக்கு வெளியே உள்ள பித்தக்குழாய் அழிந்து மூடிக்கொள்ளும். பத்தாயிரம் முதல் இருபதாயிரம் பிறப்புகளுக்கு ஒன்று. பித்தம் உள்ளேயே தேங்கி ஈரலைத் தழும்பாக்கும் வேகம் பயங்கரமானது, மூன்று மாதத்தில் ஈரல் கெட்டிப்பட்டுப் போகலாம். ஜப்பானின் செண்டாய் நகரில் மோரியோ கசாய் ஐம்பதுகளில் ஓர் அறுவை சிகிச்சையைக் கண்டுபிடித்தார், அழிந்த குழாயை எடுத்துவிட்டுக் குடலை நேராக ஈரலின் வாயிலோடு தைப்பது. இரண்டு மாதத்துக்குள் செய்தால் பலன் அதிகம். செய்த பிறகும் பல குழந்தைகளுக்குத் தழும்பு உள்ளே வளர்ந்துகொண்டேயிருக்கும், கடைசியில் ஈரல் மாற்றுவதுதான் வழி. 1998இல் இந்தியாவில் முதன்முதலாக வெற்றிகரமாக ஈரல் மாற்றப்பட்ட குழந்தை காஞ்சிபுரத்தைச் சேர்ந்தது. டெல்லியில் நடந்தது. காரணம் இதே நோய்.

இந்த நோயில் வயது எதற்குப் பதிலி? எதற்கும் இல்லை. எண்பது நாள் குழந்தையின் ஈரல் அறுபது வயதுக் குடிகாரருடையது போல இருக்கலாம்.

*

ஆய்வகங்களுக்கான மென்பொருள் எழுதும் இடத்தில் சில வருஷம் வேலை பார்த்தேன். ஒரு வாடிக்கையாளர், பெயர் வேண்டாம், ஒரு கோரிக்கை அனுப்பினார்: ஏஎஸ்டி, ஏஎல்டி, பிளேட்லெட் மூன்றும் உள்ள எல்லா அறிக்கையிலும் ஃபிப்-4ஐத் தானாகவே கணக்கிட்டு அச்சிட வேண்டும். கூடவே பச்சை, மஞ்சள், சிவப்பு. எளிய வேலை. டெஸ்டிங்கில் இருந்த பெண் மறுநாள் என் மேசைக்கு வந்தாள்.

“அண்ணா, ரெண்டு மாசக் குழந்தைக்கு வயசு என்ன போகுது?”

“வருஷத்துலதான் போகும். ஜீரோ.”

“அப்ப என்ன குடுத்தாலும் ஜீரோதான வருது. ஏஎஸ்டி ஆயிரம் போட்டுப் பாத்தேன். பச்சை.”

பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம்தான். திரையில் 0.00 என்று அழகான பச்சைக் கட்டத்தில் இருந்தது. அவள் வயதை நாளில் கணக்கிட்டுப் பின்னமாகக் கொடுத்தும் பார்த்திருந்தாள். 0.16 வயதுக்கு அதே பச்சை. இது கோடில் இருந்த பிழையே இல்லை, சூத்திரம் சொன்னதைத்தான் கோடு செய்தது. நாலு வாரம் மின்னஞ்சல் போய் வந்து, கடைசியில் 18 வயதுக்குக் கீழே கணக்கிடாமல் கட்டத்தைக் காலியாக விடுவதென்று முடிவாயிற்று. வாடிக்கையாளருக்கு வருத்தம். “காலியா இருந்தா ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்குமே” என்றார். விட்டுப்போனதுதானே சார் விஷயம் என்று சொல்ல நினைத்துச் சொல்லவில்லை.

எங்கள் தொழிலில் எட்ஜ் கேஸ் என்பார்கள். ஓரத்தில் நிற்கும் அபூர்வமான உள்ளீடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம். மனிதர்கள் எல்லோரும் தங்கள் ஆயுளில் பதினெட்டு வருஷம் எட்ஜ் கேஸாக இருந்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

சரி, வயதைத் தூக்கிவிட்டால் போதுமா? போதாது. மற்ற எண்களும் வளர்ந்த உடம்பை மனதில் வைத்தே படிக்கப்படுகின்றன. கைக்குழந்தைகளுக்கு ஏஎஸ்டி இயல்பாகவே பெரியவர்களைவிட அதிகம். பிளேட்லெட்டும் அதிகம். அதனால் இரண்டரை லட்சம் பிளேட்லெட் பெரியவருக்கு நிம்மதி, ஐந்து லட்சத்தில் இருந்த கைக்குழந்தைக்கு அது சரிவு. ஃபிப்ரோடெஸ்டில் உள்ள ஆல்ஃபா-2 மேக்ரோகுளோபுலின் என்ற புரதம் தழும்பேறினால் ஏறும், ஆனால் ஆரோக்கியமான குழந்தைகளுக்கே அது பெரியவர்களைவிட அதிகம். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் வளரும் எலும்பிலிருந்து கொட்டும்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஈஎல்எஃப் சோதனை. இது மறைமுகச் சாட்சிகளை விட்டுவிட்டு நேராகத் தழும்பையே பார்க்கிறது. கொலாஜன் நார் கட்டப்படும்போது உதிரும் துணுக்கு, ஹயலுரோனிக் அமிலம், நாரைக் கரைய விடாமல் தடுக்கும் ஒரு புரதம், மூன்றையும் அளக்கிறது. 2004இல் வந்த முதல் வடிவத்தில் இதிலும் வயது இருந்தது, பின்னால் எடுத்துவிட்டார்கள். நியாயமான சோதனை. ஆனால் கொலாஜன் கட்டுவது தழும்பு மட்டுமா? வளரும் பிள்ளையின் எலும்பு, தோல், தசைநாண் எல்லாம் அந்த நாரைத்தான் கட்டிக்கொண்டிருக்கின்றன. குழந்தை வேகமாக உயரும் காலத்தில் அந்தத் துணுக்கு ரத்தத்தில் ஏறும். பெரியவரின் ரத்தத்தில் அதைக் கண்டால் ஏதோ ஓர் உறுப்பு தழும்பேறுகிறது. பன்னிரண்டு வயதுப் பெண்ணின் ரத்தத்தில் கண்டால், போன வருஷ யூனிஃபார்ம் பத்தவில்லை என்றும் இருக்கலாம்.

இயல்பு என்ற சொல்லே வழுக்கும் இடம் ஒன்று உண்டு. 2010இல் சான் டியாகோவின் ஜெஃப்ரி ஷ்விம்மர் குழு அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவமனைகளில் ஏஎல்டியின் இயல்பு உச்சவரம்பு என்று எதை அச்சிடுகிறார்கள் எனத் தொகுத்தது. 30 முதல் 90 வரை இருந்தது, இடைநிலை 53. பிறகு ஈரல் நோய், உடல்பருமன் இல்லாத பிள்ளைகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் பையன்களுக்கு சுமார் 26, பெண்களுக்கு 22. பாதிக்கும் கீழே! வரம்பை வகுக்கப் பயன்பட்ட “ஆரோக்கியமான” கூட்டத்திலேயே கொழுப்பு ஈரல் உள்ளவர்கள் கலந்திருந்தால் வரம்பு உயரத்தானே செய்யும். அப்ரி சூத்திரம் ஏஎஸ்டியை வகுப்பதும் இதே போன்ற ஓர் உச்சவரம்பால்தான். எந்த ஆய்வகத்தின் வரம்பு, எந்த வயதுக்கான வரம்பு என்பதைப் பொறுத்து ஒரே குழந்தைக்கு இரண்டு மதிப்பெண் வரும். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் ஹெபடைடிஸ் பி வழிகாட்டியில் அப்ரியைப் பரிந்துரைத்தபோது, பெரியவர்களுக்கு என்று சொல்லியே வெட்டுப்புள்ளியைக் கொடுத்தது.

குழந்தைகளிடமிருந்தே தொடங்கிய முயற்சியும் நடந்தது. 2009இல் ரோம் நகரின் பாம்பினோ ஜேசு குழந்தைகள் மருத்துவமனையில் வலேரியோ நொபிலி குழு, கொழுப்பு ஈரல் உள்ள பிள்ளைகளுக்கென்றே ஒரு குறியீட்டை உருவாக்கியது. மூன்றே மாறிகள்: வயது, இடுப்புச் சுற்றளவு, டிரைகிளிசரைடு. அந்தச் சூத்திரத்தைப் பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வயதுக்கு முன்னால் கழித்தல் குறி. இடுப்பு அதே 85 சென்டிமீட்டர் என்றால் பதினாறு வயதுப் பையனைவிட எட்டு வயதுப் பையனுக்குத்தான் ஆபத்து அதிகம் என்கிறது அது. நாலு வயது அண்ணனும் இரண்டு வயதுத் தம்பியும் ஒரே சட்டை போட்டால் யாரைப் பார்த்து கவலைப்படுவோம்? அதே பொது அறிவுதான். பெரியவர்களிடமிருந்து இறங்கி வந்திருந்தால் அந்தக் குறி திரும்பியிருக்காது.

*

இவ்வளவும் சொன்னபின் ஊசியை ஒழித்துவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நம்மூர் வரலாறு ஒன்று குறுக்கே நிற்கிறது.

1887இல் கல்கத்தாவில் சென் என்ற மருத்துவர் சிறு பிள்ளைகளைக் கொல்லும் ஓர் ஈரல் நோயை விவரித்தார். ஆறு மாதம் முதல் நாலைந்து வயதுக்குள் வயிறு உப்பும், ஈரல் கல்லாகும், சில மாதங்களில் குழந்தை போய்விடும். பெரும்பாலும் நடுத்தர இந்துக் குடும்பங்கள். ஒரே வீட்டில் அடுத்தடுத்த பிள்ளைகள். பரம்பரை என்றார்கள், உணவுக் குறை என்றார்கள், வைரஸ் என்றார்கள். சென்னையில் இதற்கென்றே பேர்பெற்ற மருந்து இருந்தது, ஜம்மியின் லிவர்க்யூர். மயிலாப்பூர் லஸ் பக்கம் ஜம்மி கட்டடத்தைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். பழைய குடும்பங்களில் பாட்டிமாரிடம் கேட்டால் “ஈரல் கட்டி”யில் போன ஒரு குழந்தையாவது நினைவில் இருக்கும். மருத்துவ நூல்களில் இது இந்தியக் குழந்தைச் சிரோசிஸ்.

விடை கிடைத்தது ஊசியில். எழுபதுகளின் பிற்பகுதியில் இந்தக் குழந்தைகளின் ஈரல் துண்டுகளில் சாயம் ஏற்றிப் பார்த்தபோது செல்களில் அடர்ந்த துகள்கள். 1979இல் இங்கிலாந்தின் டேனரும் புணேயின் பண்டிட்டும் உள்ளிட்ட குழு எழுதியது: ஈரலில் செம்பு, இயல்பைவிடப் பல மடங்கு. ரத்தம் இதைக் காட்டிக்கொடுக்கவில்லை. செம்பு தேங்கும் வில்சன் நோயில் செருலோபிளாஸ்மின் என்ற புரதம் குறையும், இதில் குறையவில்லை. செம்பு எங்கிருந்து வந்தது? 1983இல் அதே டேனர், ஷீலா பாவே, பண்டிட் குழு வீட்டுச் சமையலறைக்குள் போய்ப் பார்த்துச் சொன்னது: பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சி, அதிலேயே வைத்திருந்து, கைக்குழந்தைக்குப் புகட்டிய பால். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். பாலில் உள்ள கேசின் புரதம் செம்பைப் பிடித்துக்கொள்ளும். ஈயம் பூசிய பாத்திரமென்றால் தப்பித்தது. தெருவில் “ஈயம் பூசலையோ” என்று கூவிப்போனவரின் வேலை ருசிக்கும் பளபளப்புக்கும் மட்டும் இருந்ததில்லை.

பித்தளை போய் எவர்சில்வர் வந்தது. நோய் மறைந்தது. இதே கதை ஆஸ்திரியாவின் டைரோல் மலைப்பகுதியில் 1996இல் வெளிவந்தது. 1900க்கும் 1974க்கும் இடையில் 138 சிறு குழந்தைகள் அங்கே இப்படிப் போயிருக்கிறார்கள், ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் காய்ச்சிய பாலால்.

1978இல் அப்ரி இருந்திருந்தால்? பிளேட்லெட் குறைவு, ஏஎஸ்டி அதிகம், சிரோசிஸ் என்று சரியாகவே சொல்லியிருக்கும். பாத்திரத்தைச் சொல்லியிருக்காது. தழும்பு எவ்வளவு என்ற கேள்விக்கு எண் பதில் சொல்லும், ஏன் என்ற கேள்விக்குத் துண்டு தேவைப்பட்டது. ஆகவே முதல் ஊசிக்கு எதிராக நான் வழக்காடத் தயாரில்லை. என் சண்டை இரண்டாவது, மூன்றாவது, நாலாவது ஊசியோடு. காரணம் தெரிந்த பிறகு, தழும்பு நகர்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் பிள்ளையை மயக்கத்தில் படுக்க வைக்கும் ஊசிகள். அவற்றின் இடத்தில்தான் ரத்தம் பேச வேண்டும்.

பேச ஆரம்பித்திருக்கிறது, ஒரு மூலையில். 2017இல் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து ஜோர்ஜ் பெசேரா குழு, மஞ்சள் காமாலை வந்த பச்சிளங் குழந்தைகளின் ரத்தத்தில் பெரிய அளவில் புரதங்களைச் சலித்து, எம்எம்பி-7 என்ற ஒன்றைப் பிடித்தது. பிலியரி அட்ரீசியா உள்ள குழந்தைகளுக்கு அது தெளிவாக ஏறுகிறது, மற்றக் காமாலைகளில் அந்த அளவுக்கு இல்லை. அடைபட்ட பித்தக்குழாயின் சுவர்ச் செல்களிலிருந்து வருகிறது. சீனாவிலும் மற்ற இடங்களிலும் செய்து பார்த்தார்கள், தாங்கி நின்றது. ஹெபடைடிஸ் சி நோயாளி யாருடைய எண்ணையும் இது கடன் வாங்கவில்லை. இப்போதைய தகராறு வேறு: அளக்கும் கிட்டுக்குக் கிட்டு வெட்டுப்புள்ளி மாறுகிறது, ஓர் ஊரின் எண் இன்னோர் ஊரில் செல்லாது. மறுபடியும் எது இயல்பு என்ற பழைய பஞ்சாயத்து, ஆனால் இந்தத் தடவை பஞ்சாயத்து நடப்பது குழந்தைகளின் ரத்தத்தை வைத்து.

இந்தச் சோதனைகளை எல்லாம் ஆங்கிலத்தில் உடலை ஊடுருவாதவை என்று வகைப்படுத்துகிறார்கள். பிறந்த குழந்தைக்குக் கிலோவுக்கு சுமார் 80 மில்லி ரத்தம். நாலு கிலோ இருக்கும் இரண்டு மாதக் குழந்தைக்கு மொத்தமே 320 மில்லி, இரண்டு சின்ன டம்ளர். பிளேட்லெட்டுக்கு ஒரு குழாய், நொதிகளுக்கு ஒன்று, உறைதல் பார்க்க ஒன்று, எம்எம்பி-7க்கு ஒன்று. முழங்கையில் நரம்பு கிடைக்காது. புறங்கையில் தேடுவார்கள், பிறகு பாதத்தில், சில நேரம் நெற்றியோரம் முடியைச் சிரைத்து. ஒரு நர்ஸ் டார்ச்சைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் குழந்தையின் கையைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, அம்மாவை வெளியே நிற்கச் சொல்வார்கள்.